கண்ணை மூடியதும் பழையது வந்து நிற்கிறதென்றால்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் குடியை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. சிறு வயதில் வீட்டுக்குள் அனுபவித்த அடி உதையின் நினைவு இன்னும் அவரை விடவில்லை. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி, போதைக்கும் நல்லது, மனக்காயத்துக்கும் நல்லது என்று கேள்விப்பட்டு எட்டு வாரக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மூன்றாவது வாரம், கண்ணை மூடி இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் நெஞ்சு படபடத்து, பழைய காட்சிகள் வரிசையாக வந்திருக்கின்றன. அன்று இரவு முழுக்கக் குடிக்க வேண்டும் என்ற தவிப்பு. குடிக்கவில்லை. இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா, என்னைப் போன்றவர்கள் செய்யலாமா, மீதி ஐந்து வாரம் போகலாமா என்பது அவர் கேள்வி.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், என்னால் மட்டும் முடியவில்லை." ஆதாரத்தைப் பற்றிக் கேட்டதெல்லாம் சரி, உண்மையில் நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கோளாறு பயிற்சியிலா, என்னிடமா? போதை மீட்பு சிகிச்சையில் உளவியலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில்: உங்களிடம் இல்லை. பயிற்சியை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. உங்களுக்குக் கொடுத்த அளவு தவறு, உள்ளே போகச் சொன்ன வாசலும் தவறு.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றாலே மனதை அமைதியாக்கும் பயிற்சி என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. விளம்பரங்களில் எப்போதும் ஒருவர் கண்ணை மூடிப் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் இதை ஒரு பயிற்சித் திட்டமாக வகுத்தபோது அங்கே வந்தவர்களில் பலர் தீராத வலியோடு இருந்தவர்கள். வலி போய்விடும் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வலி இருக்கும்போதே அதோடு வேறு மாதிரி இருக்கப் பழகுவதுதான் அங்கே நடந்தது. எதைக் கண்டு ஓடுகிறோமோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கப் பழகுவது என்று நான் இதைப் புரிந்துகொள்வேன். சில சமயம் அமைதி வரும், வராமலும் போகும். வந்தால் அது உபரி.

போதையில் சிக்கியவருக்கு இது ஏன் பயன்படுகிறது என்பதை உங்கள் அந்த ஓர் இரவை வைத்தே சொல்லலாம். தவிப்பு வந்தது, இரவு முழுக்க இருந்தது, காலையில் நீங்கள் குடிக்காமல் எழுந்தீர்கள். நடுவில் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. எழுந்து நடந்திருக்கலாம், முகம் கழுவியிருக்கலாம், சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், ஆசை வந்தும் கை நீளாமல் ஒரு இரவு கழிந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கத்தை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதற்கு அலையில் சறுக்குவது என்று பெயர் வைத்தார். குடிக்கும் ஆசை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், உடையும். அதை எதிர்த்து முட்டினால் அடித்துப் போடும், பணிந்தால் இழுத்துக்கொண்டு போகும். மேலே ஏறி நின்றால் அதுவாகவே கரைக்கு வந்து தணியும்.

கேட்க அழகாக இருக்கிறது, செய்வது எப்படி? ஆசை வந்ததும் அதோடு வாக்குவாதம் செய்வதை விட்டுவிட்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வோம். ஒருவருக்குத் தொண்டையில் வறட்சி, ஒருவருக்குத் தாடை இறுகும், ஒருவருக்கு வயிற்றில் ஏதோ பிசையும். சூடா, இறுக்கமா, துடிப்பா? கூடுகிறதா, குறைகிறதா? இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "எனக்குக் குடிக்கணும்" என்ற ஒரே பெரிய கட்டளை சின்னச் சின்ன உணர்வுகளாகப் பிரிந்துவிடும். தொண்டை வறட்சியைத் தாங்க முடியாதவர் உலகத்தில் யாரும் இல்லை. என் அனுபவத்தில் ஒரு அலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். உங்களுக்கு இரவு முழுக்க இருந்ததற்குக் காரணம், அது ஒரே அலை இல்லை என்பதுதான். பழைய காட்சி ஒவ்வொரு முறை தலைகாட்டும்போதும் புதிதாக ஒரு அலை எழுந்திருக்கும். அதை நினைக்காதே என்று நமக்கு நாமே உத்தரவு போடுவதும் உதவாது. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்கள் மனதில் கரடி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

இந்த அடிப்படையில் சாரா போவன், நேஹா சாவ்லா, மார்லட் ஆகியோர் உருவாக்கியதுதான் மறுபடி குடியில் விழாமல் தடுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை. நீங்கள் சேர்ந்திருப்பது அதுவாகவோ அதன் சாயலாகவோ இருக்கலாம். இப்போது ஆதாரத்துக்கு வருகிறேன். 2014இல் வெளியான பெரிய ஆய்வில் 286 பேர் கலந்துகொண்டார்கள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு இந்தச் சிகிச்சை, ஒன்றுக்கு ஏற்கெனவே நிலைபெற்ற, மறுவீழ்ச்சியைத் தடுக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது), இன்னொன்றுக்கு வழக்கமான மறுவாழ்வுக் கவனிப்பு. ஆறு மாதத்தில் முதல் இரண்டு பிரிவினரும் மூன்றாவது பிரிவைவிட நன்றாக இருந்தார்கள். அந்தக் கட்டத்தில், முதல் முறை மறுபடி போதைப்பொருளைத் தொடும் நாளைத் தள்ளிப்போடுவதில் பழைய சிகிச்சைதான் முன்னால் நின்றது. பன்னிரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. மைண்ட்ஃபுல்னெஸ் பிரிவினர் போதைப்பொருள் எடுத்த நாட்களும், அளவு மீறிக் குடித்ததும் மற்ற இரண்டு பிரிவையும்விடக் குறைவு. இது மெதுவாக வேலை செய்கிற, வேலை செய்தால் நிலைத்து நிற்கிற சிகிச்சை என்று நான் அதைப் படிக்கிறேன். ஓர் ஆய்வை வைத்து இதற்கு மேல் இழுக்கக் கூடாது.

இன்னொன்று, எரிக் கார்லண்டும் அவர் குழுவினரும் 2022இல் வெளியிட்டது. தீராத வலிக்காக ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டு, அதைத் தப்பாக எடுக்கத் தொடங்கிய 250 பேர். ஒன்பதாவது மாதம் பார்த்தபோது மைண்ட்ஃபுல்னெஸ் சார்ந்த சிகிச்சை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் தப்பாக எடுப்பதை விட்டிருந்தார்கள், ஆதரவுக் குழுவில் இருந்தவர்களில் சுமார் 24 சதவீதம். சரி, அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்தத் துறையின் ஆய்வுகளையெல்லாம், நாற்பது சோதனைகளை, ஒன்றாகப் போட்டு அலசியது. அதன் முடிவில் உற்சாகம் இல்லை. பல ஆய்வுகள் சிறியவை, நடுவில் விட்டுப் போனவர்கள் அதிகம், மற்ற சிகிச்சைகளைவிட இது மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. நல்ல சிகிச்சைகளில் இதுவும் ஒன்று என்று சொன்னால் நான் தலையாட்டுவேன். இதுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார்.

போதையும் மனக்காயமும் அடிக்கடி ஒன்றாக வருவது தற்செயல் இல்லை. 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் குழந்தைப் பருவக் கொடுமைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அடி, பாலியல் வன்முறை, குடிகாரர் இருக்கும் வீடு போன்றவற்றில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து ஒன்றையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. உங்களுக்கு இதை எண்ணில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. முதல் முறை குடித்தபோது உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் குடி ஒரு மருந்தாக உள்ளே வந்தது, அப்புறம்தான் நோயாக மாறியது. அந்த மருந்தை நிறுத்தி ஏழு மாதம் ஆன நிலையில், மூடி வைத்திருந்தது மேலே வருவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் விஷயத்தில் சிக்கலே இங்கேதான். போதைக்கான பயிற்சி, உடம்புக்குள் பார், உணர்வோடு இரு என்கிறது. மனக்காயம் பட்டவருக்கோ அந்த உடம்புதான் சம்பவம் நடந்த இடம். சினிமாவில் ஃபிளாஷ்பேக் வந்தால் ஒரு மணியோசை கேட்கும், திரை கலங்கும், இது பழைய கதை என்று நமக்குத் தெரிந்துவிடும். மனக்காயத்தின் ஃபிளாஷ்பேக்கில் அந்த அறிவிப்பு கிடையாது. இப்போது நடக்கிற மாதிரியே நடக்கும். கண்ணை மூடினால், சுற்றிலும் இருக்கிற பாதுகாப்பான அறையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளும் ஒரே வழியும் அடைபடுகிறது. மூச்சைக் கவனிப்பதும் எல்லோருக்கும் நடுநிலையான விஷயம் இல்லை. கழுத்து நெரிபட்டவர், தண்ணீரில் மூழ்கித் தப்பியவர், வாயைப் பொத்தி அமுக்கப்பட்டவர், சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று கட்டிலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த குழந்தை, இவர்களுக்கெல்லாம் மூச்சுதான் அலாரம்.

மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999இல் முன்வைத்த ஒரு கருத்து எங்கள் வேலையில் தினமும் கைகொடுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு, ஜன்னல் மாதிரி. அதற்குள் இருக்கும்போது பயம் வந்தாலும் கூடவே யோசிக்க முடியும். மேல் விளிம்பைத் தாண்டினால் படபடப்பு, வியர்வை, ஓட வேண்டும் என்ற துடிப்பு. கீழ் விளிம்பைத் தாண்டினால் மரத்துப் போவது, தூரத்திலிருந்து தன்னையே பார்ப்பது, நேரம் போனது தெரியாமல் இருப்பது. காயம் பட்டவர்களுக்கு இந்த ஜன்னல் குறுகியிருக்கும். ஜன்னலுக்குள் இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கும், வெளியே போய்விட்டால் அது பழைய அனுபவத்தின் மறு ஒளிபரப்பு. இருபது நிமிடத்தில் பத்தாவது நிமிடம் நீங்கள் வெளியே போய்விட்டீர்கள், மீதிப் பத்து நிமிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

"எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்" என்றீர்களே, அதை நான் நம்பமாட்டேன். ஒரு குழுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே அமைதியாக இருப்பார்கள், சிலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், சிலர் கீழ் விளிம்பைத் தாண்டி எங்கோ போயிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஆரம்ப காலத்தில் எல்லோரையும் விளக்கை அணைத்த அறையில் படுக்க வைத்து, கால் விரலிலிருந்து தலைவரை உடம்பைக் கவனிக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பேசிக்கொண்டிருப்பேன். ஒரு பெண்மணி சிலை மாதிரி கிடப்பார். எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்று எனக்குள் பெருமை. நாலாவது வாரம் அவர் வரவில்லை. பல நாள் கழித்து வந்து, "இருட்டில் படுக்கச் சொன்னதும் நான் அங்கே இல்லை, ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது" என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் இருட்டில் படுக்கச் சொன்னதில்லை.

அப்படியானால் எப்படிச் செய்யலாம்? கண் திறந்தே இருக்கட்டும். தரையில் ஒரு இடத்தையோ ஜன்னலையோ பார்க்கலாம். மூச்சுக்குப் பதிலாக உடம்பின் ஓரத்திலோ உடம்புக்கு வெளியிலோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் அழுந்துவது, கையில் ஒரு கூழாங்கல்லின் குளிர்ச்சி, மின்விசிறிச் சத்தம், எது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறதோ அது. இரண்டு நிமிடம் போதும். நிஜமாகவே இரண்டு நிமிடம். உட்கார முடியாவிட்டால் மெதுவாக நடந்துகொண்டே பாதத்தைக் கவனிக்கலாம், பலருக்கு இதுதான் ஒத்துவருகிறது. கஷ்டமான உணர்வு தலைகாட்டினால் அதன் பக்கம் சில நொடி போய்ப் பார்த்துவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். மறுபடி போக வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இந்தப் போய் வருதல்தான் உங்களுக்கான பயிற்சி. உள்ளேயே கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது வீரம் போலத் தோன்றும், ஆனால் காயம்பட்ட காலத்தில் வேறு வழியில்லாமல் நீங்கள் செய்ததும் அதையேதான். அன்றைக்கு நிறுத்த உங்களுக்கு அனுமதி இல்லை, இப்போது இருக்கிறது. நடுவில் நிறுத்துவதைக்கூட நான் பயிற்சியில் தேறியதாகவே கணக்கு வைப்பேன்.

மனக்காயத்துக்கு மைண்ட்ஃபுல்னெஸ் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. 2015இல் வெளியான ஆய்வில், மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்த நோய் இருந்த 116 முன்னாள் படைவீரர்களில் மைண்ட்ஃபுல்னெஸ் எடுத்தவர்களுக்கு, அன்றாடப் பிரச்சினைகளைப் பேசும் குழுவில் இருந்தவர்களைவிட அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அந்த வித்தியாசம் மிதமானதுதான். நோய் இருக்கிறது என்ற நிலையிலிருந்தே வெளியே வந்தவர்களின் விகிதத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காயத்தின் நினைவையே நேரடியாகக் கையாளும் சிகிச்சைகள் தனியே இருக்கின்றன: படிப்படியாக அந்த நினைவை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை, அதைப் பற்றி உருவான எண்ணங்களை மாற்றும் சிகிச்சை, கண் அசைவுகளோடு செய்யப்படும் இஎம்டிஆர். ஆதாரம் அதிகம் குவிந்திருப்பது அவற்றின் பக்கம். மைண்ட்ஃபுல்னெஸ் அவற்றுக்கு முன்னால் தரையைச் சமன் செய்யலாம், கூடவும் வரலாம். அவற்றின் இடத்தில் உட்காரக் கூடாது.

"முதலில் குடியை முழுசாக விட்டுவிட்டு வா, அப்புறம் மற்றதைப் பேசலாம்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் தலைமுறை அப்படித்தான் படித்தது. காயத்தைத் தொட்டால் மறுபடி குடிப்பார்கள் என்ற பயம். 2012இல் ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். காயத்தின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சையைவிட நன்றாகக் குறைந்தன, போதைப்பழக்கம் அதனால் மோசமாகவில்லை. எனவே ஏழு மாதம் போதாது, ஒரு வருடம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருப்பவர் தியானத்தை நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் பிதற்றலும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய வேலை. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளைப் பல மாதம் எடுத்தவர்களுக்கும் இதேதான். ஓபியாய்டு எடுத்தவர் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவில் எடுத்தால் உடம்பு தாங்காது, இறந்து போகிறவர்களில் பலர் இப்படித்தான் போகிறார்கள். போதையிலிருந்து மீளக் கொடுக்கப்படும் மெதடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டே மைண்ட்ஃபுல்னெஸ் செய்யலாம். மருந்தை விட்டால்தான் பயிற்சி பலிக்கும் என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அந்த வகுப்பை விட்டு எழுந்து வாருங்கள்.

உங்களுக்கு இருப்பது மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்த நோயா, வேறொன்றா என்பதை ஒரு பக்கக் கேள்வியை வைத்து என்னால் சொல்ல முடியாது. நேரில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் அந்தச் சந்திப்பு வரை பயிற்சியை நிறுத்திவையுங்கள்: செத்துவிடலாம் என்ற எண்ணம், நடுவில் சில மணி நேரம் என்ன செய்தோம் என்று நினைவில்லாமல் போவது, தொடர்ந்து தூக்கமே இல்லாமல் இருப்பது, இல்லாத குரல் கேட்பது. முதலாவது இருந்தால் சந்திப்புக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பத்து நாள் மௌன முகாம்களுக்கு யார் கூப்பிட்டாலும் இப்போதைக்கு வேண்டாம். நல்ல முகாம்களாகவே இருக்கட்டும், நாள் முழுக்கக் கண்ணை மூடி, பேச ஆளில்லாமல் இருப்பது உங்கள் ஜன்னலுக்கு ரொம்பப் பெரியது.

மீதி ஐந்து வாரம் போகலாமா என்றால், நடத்துபவரிடம் முதலில் தனியாகப் பேசிப் பாருங்கள். உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை, மூன்றாவது வாரம் என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். "கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டுமா, நடுவில் எழுந்து போகலாமா, மூச்சுக்குப் பதில் வேறொன்றைக் கவனிக்கலாமா?" என்று கேளுங்கள். தாராளமாக என்று சொல்லி, முடிந்ததும் உங்களிடம் வந்து எப்படி இருந்தது என்று விசாரிப்பவராக இருந்தால் தொடருங்கள். இன்னும் ஆழமாகப் போனால் சரியாகிவிடும் என்பவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள், அதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. வகுப்பு நாளன்று இரவு போன் செய்ய ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள். உட்காரும்போது நாற்காலியைக் கதவு தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.